துண்டு மூடிய திரை

வாசலில் நிழல் விழுந்ததும் கற்பகத்தின் இடது கை தானாக எழுந்து, நாற்காலி முதுகில் கிடக்கும் ஈரிழைத் துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர் திரைமேல் போட்டுவிடும். வந்தது யாரென்று பார்க்கத் தலை திரும்புவது அதற்கப்புறம்தான். வந்தவர் பட்டு வியாபாரியாக இருக்கலாம், கேஸ் சிலிண்டர் போடுகிறவராக இருக்கலாம், கோயிலுக்கு நன்கொடை கேட்டு வந்தவராகவும் இருக்கலாம். துண்டுக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. ஒருமுறை கரெண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், "இன்னாமா, நான் இன்னா பொடவையா நெய்யப் போறேன்?" என்று கேட்டுவிட்டார். "நீங்க நெய்ய மாட்டீங்க சார். கொசப்பாளையத்துல உங்க மச்சான் தறி வெச்சிருக்காரு இல்ல?" என்றார் கற்பகம். அவர் மறுபேச்சில்லாமல் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுத் தருவது கற்பகத்தின் தொழில். பார்டரில் மயில் எந்தப் பக்கம் திரும்பவேண்டும், முந்தியில் மாங்காய் எவ்வளவு நெருக்கமாக வரவேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிமேல் ஏறுகிற ஜக்கார்டு அட்டையில் துளைகளாக்கிக் கொடுப்பார். தீபாவளிக்கு ஆரணியில் எந்த வியாபாரி எந்தப் புடவையை இறக்கப்போகிறார் என்பது ஆடி மாதமே அவருக்குத் தெரியும். ஒருவருடைய மயில் இன்னொருவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், அதே மயில் பவர்லூமில் மலிவாக நெய்யப்பட்டு, சொந்தக்காரருக்கு முன்னால் கடைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை கேட்டு வந்தால்கூட, தறிமேல் ஒரு துணியை இழுத்து விட்டுவிட்டுத்தான் "வாங்க" என்று சொல்கிற தெருக்கள் இவை. இந்த ஊரில் "கற்பகம் வாய தெறக்காது" என்பதைவிடப் பெரிய நற்சான்று ஒருவருக்குக் கிடைத்துவிட முடியாது.

வாய் திறக்காதவர் என்றால் பேசாதவர் என்று அர்த்தமில்லை. கம்ப்யூட்டரோடு நாளெல்லாம் பேசுவார். "ஜல்தி வா கண்ணு, ஏன் பேஜார் பண்ற?" என்று அதைக் கொஞ்சுவார், மண்டையில் தட்டுவார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் தேடுவார். மனிதர்களிடம் மட்டும்தான் சிக்கனம். அவர் "ம்" என்றால் வேலை நாளைக்கு முடியும். "பாக்கலாம்" என்றால் நடக்காது. ஆரணி வியாபாரிகள் இந்த அகராதியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் போய் ஒரு திறந்த சமூக வலைத்தளம் மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. முன்பு ஊர்க்காரர்கள் ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் குழு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தறி ரிப்பேர், கல்யாணப் போட்டோ, காணாமல் போன ஆடு எல்லாம் அதில்தான். ஒருநாள் காலையில் அந்தக் குழுவையே காணோம். விதிமீறல் என்று ஒரு வரி மட்டும் வந்தது. என்ன விதி, யார் மீறியது என்று கேட்க ஆளில்லை, போய்த் தட்டுவதற்கு ஒரு கதவுகூட இல்லை. கற்பகத்தின் தங்கை மகன் கிரண் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். "எவன்கிட்டயும் போயி நிக்க வேணாம் பெரீமா. நம்ம ஊருக்கு நாமளே ஒண்ணு வெச்சிக்கலாம். மத்த ஊருங்கள்ல அவங்கவங்க வெச்சி நடத்திகினுதான் இருக்காங்க. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். மொதலாளின்னு ஒருத்தன் கெடையாது" என்றான். பொங்கலுக்கு வந்தவன் அதை அமைத்து, தறியில் குறுக்கே ஓடுகிற இழையின் பேரால் 'ஆரணி ஊடை' என்று பேரும் வைத்தான். சாவி யாரிடம் இருக்கட்டும் என்று கேட்டபோது ஊர் ஒரே பேரைத்தான் சொன்னது.

கற்பகம் அதை நடத்திய விதமே தனி. யாராவது யாரையாவது திட்டி எழுதினால் மற்ற தளங்களில் ஒரு பொத்தானை அமுக்கி நீக்கிவிடுவார்கள். கற்பகம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எழுதியவர் வீட்டுக்கே போய்விடுவார். "நீயா எடுக்கறியா, நான் எடுக்கட்டுமா?" என்று வாசலில் நின்று கேட்பார். அநேகமாக அவர்களே எடுத்துவிட்டு, காபியும் கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

அந்தப் பக்கத்தில் நாள் தவறாமல் எழுதியவர் மணவாளன். செய்யார் போகிற வழியில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் ஆளாக்கிய பிள்ளை. செய்யாரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கம்பெனி பஸ் ஏரிக்கரையில் வந்து நிற்கும்வரை, ஏரியில் இறங்கும் பறவைகளைப் போனில் படம் பிடிப்பார். படத்தைப் போட்டு, கீழே ஒரே கேள்விதான் எழுதுவார்: "இது என்ன பறவை? தெரிஞ்சவங்க சொல்லுங்க." நெசவாளர்கள் ரோஜாப்பூவும் கும்பிடுகிற கையும் போட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் எல்லாப் படத்துக்கும் "கொக்கு" என்று அசராமல் பதில் எழுதினார். கரிய இறக்கை, உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் சிவப்புக் கால், அப்படியொரு பறவையை மணவாளன் திரும்பத் திரும்பப் போட்டார். அதுவும் கொக்குதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

ஒருநாள் மணவாளன் கற்பகத்தின் டிசைன் கடைக்கே வந்து கேட்டார். "ஒலகமே பாக்கும்னு கிரண் தம்பி சொன்னாரு. வெளியூர்க்காரங்க ஒருத்தர்கூட பேசலியேக்கா. நான் போடறது அவ்ளோ மட்டமாவா கீது?" திரைமேல் துண்டைப் போட்டுக்கொண்டே கற்பகம் அந்த முகத்தைப் பார்த்தார். ஏன் யாரும் பேசவில்லை என்று நிஜமாகவே அவருக்கும் தெரியாது. "வருவாங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

இப்படிச் சொந்தப் பக்கம் நடத்துகிற பல ஊர்க்காரர்கள், கிரண் செய்த ஏற்பாட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் கூடினார்கள். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைத் திரை கட்டி, வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்து, கல்யாணத்துக்குச் செய்கிற மாதிரியே எல்லாம் செய்திருந்தார் கற்பகம். மாம்பழ நிறப் பட்டு கட்டிக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வியாபாரிகள் ஒருவர் போனை ஒருவர் பார்த்துவிடாதபடி நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். மணவாளன் நைட் ஷிப்டு முடித்துத் தூங்காமல் நேராக வந்து முன்வரிசையில் இருந்தார்.

பெங்களூரிலிருந்து வந்த காவ்யா என்ற பெண், ஆரணியில் எழுதுவது தன் ஊர்ப் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று காட்டுவதற்காகப் பெரிய திரையில் 'ஆரணி ஊடை' என்று தேடினார். எதுவும் வரவில்லை. நெட் ஸ்லோ என்றான் கிரண். மறுபடி தேடினார், அப்போதும் வரவில்லை. கற்பகத்தின் போனை வாங்கி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அக்கா, உங்க பக்கம் பூட்டியிருக்கு. வெளிய இருந்து யாரும் உள்ள வர முடியாது. இங்க எழுதறதும் வெளிய போகாது. ஆரம்பிச்சதுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கு. நிறைய ஊர்ப் பக்கங்க அனுமதி கேட்டு வாசல்லயே நிக்குது பாருங்க."

பின்வரிசையில் யாரோ, "அப்ப இத்தினி நாளா நமக்குள்ளயேதான் பேசிகினு இருந்தமா?" என்று சொல்ல, சிரிப்பு வெடித்தது. கற்பகத்துக்குக் காது மடல் சூடானது. அமைக்கிற அன்றைக்குக் கிரண் கேட்டது நினைவுக்கு வந்தது. வெளிப் பக்கங்களை விடலாமா பெரீமா என்றான். "எல்லாத்துக்கும் பூட்டு போடுடா, வர்றவன் யாருன்னு பாத்துட்டு நான் தொறக்கறேன்" என்று சொன்னது அவர்தான். பிறகு அவர் திறந்திருப்பார் என்றே கிரண் நினைத்திருந்தான். அவரோ அனுமதி கேட்டு வந்த பேர்களையெல்லாம் வேவு பார்க்க வந்தவர்கள் என்றே ஒதுக்கி வைத்தார். அவர் கடையில் வெளியாள் கண் உள்ளே போகாது, ஆனால் டிசைன் அவர் கையால் வெளியே தறிக்குப் போகும். இந்தப் பூட்டும் அப்படித்தான் என்று நம்பியிருந்தார். "உள்ள வர்றவனுக்குத்தான் பூட்டுன்னு நெனச்சேன்" என்றார்.

மணவாளன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப என் பறவ எதுவும் ஆரணிய தாண்டவே இல்லீங்களாக்கா?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால் கற்பகம் தாங்கியிருப்பார். கேள்வி கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குள் பட்டு வியாபாரி பச்சையப்பன் எழுந்தார். கற்பகத்துக்கு வருகிற வேலையில் பாதி அவர் கொடுப்பது. "இன்னாத்துக்கு இப்ப தொறக்கணும்? பூட்டி இருக்கறதாலதான் நான் நிம்மதியா கீறேன். தொறந்துட்டா நாளைக்கி நம்ம மயிலு சூரத்துல பறக்கும். அப்பிடி ஆனா நான் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான், கற்பகம்." வியாபாரிகள் வரிசை தலையாட்டியது. எல்லோரும் கற்பகத்தைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் பிழைப்பு, இன்னொரு பக்கம் அந்தத் தூங்காத கண்கள்.

"பாக்கலாம்" என்றார் கற்பகம்.

அதன் அர்த்தம் ஊருக்கே தெரியும். பச்சையப்பன் திருப்தியாக உட்கார்ந்தார். மணவாளன் பிரியாணியைச் சாப்பிட்டு, இலையை எடுத்துப்போட்டு, கை கழுவிக்கொண்டு, "வரேங்க்கா" என்று சொல்லாமலே போய்விட்டார். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிய கற்பகம் தனக்கு இலை போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் காவ்யா கடைக்கு வந்தார். வழக்கம்போல் துண்டு விழுந்தது. கற்பகம் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாசல்ல நிக்கறாங்கன்னு சொன்னியே, அவங்க யாரு எவருன்னு சொல்லு கண்ணு" என்றார். காவ்யா ஒவ்வொரு பக்கமாகச் சொல்லச் சொல்ல, பெண் கொடுக்கிற வீட்டை விசாரிப்பது போலக் கேட்டார். எந்த ஊரு? நடத்தறது யாரு? கெட்ட வார்த்தை பேசுவாங்களா? கோயம்புத்தூரில் பறவை பார்க்கிறவர்கள் நடத்தும் பக்கம் ஒன்று, யாழ்ப்பாணத்துப் பள்ளி ஆசிரியர்கள் நடத்தும் பக்கம் ஒன்று, இப்படி ஒவ்வொன்றாகத் திறந்தார். "இவன் லோன் விக்கறவன், நிக்கட்டும்" என்று சிலதை வாசலிலேயே விட்டார். திறக்கும்போதும் அவர் கற்பகம்தான். கடைசியாக, அந்தச் சிவப்புக்கால் பறவையின் படத்தைத் தேடி எடுத்து, மணவாளன் பேரைச் சொல்லி, அவருடைய கேள்வியையும் எழுதி வெளியே அனுப்பினார்.

மறுநாள் ஸ்கூட்டி பச்சையப்பன் வீட்டு வாசலில் நின்றது. "அண்ணா, தொறந்துட்டேன். வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது, அதான் நானே வந்தேன். உங்க டிசைனு என் மிஷினுக்குள்ள கீது. அது வேற, இது வேற. மனசு ஒப்பலன்னா உங்க அட்டைங்கள வந்து எடுத்துக்குங்க." பச்சையப்பன் எழுந்து உள்ளே போய்விட்டார். காபியும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிழலுக்கும் கற்பகம் அவரைத்தான் எதிர்பார்த்தார். பயமில்லாமல் செய்தார் என்று சொன்னால் அது பொய். பயந்துகொண்டேதான் செய்தார்.

இதற்குள் பறவைக்குப் பேர் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருந்தார்: "இது நெடுங்கால் உள்ளான். எங்கள் கடலோரத்துக் கடனீரேரிக்கும் வரும். இவ்வளவு கிட்டத்தில் எப்படி எடுத்தீர்கள்? மற்றப் படங்களையும் போடுங்கோ, பிள்ளைகள் கேட்கிறார்கள்." அதன் கீழே கோயம்புத்தூர்க்காரர்கள் வரிசைகட்டி நின்றார்கள். மணவாளன் எதையும் பார்க்கவில்லை. கூட்டத்தன்றே 'ஆரணி ஊடை' செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டார். கற்பகம் போன் போட்டு, "வேல முடிஞ்சி வர்றப்ப கடையாண்ட எறங்கு" என்றார். காரணம் சொல்லவில்லை. அது அவர் பழக்கமும் இல்லை.

அன்றைக்குப் பார்த்து, மணவாளனுக்கு முன்னாலேயே பச்சையப்பன் வந்து உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து புது பார்டரின் மாதிரித் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு எடம் பாத்தேன். ஒருத்தன் எனக்கு அடுத்தவன் டிசைன காட்டறான்மா. எனக்கே காட்டறவன் என்னுத யாருக்கு காட்டுவான்?" என்றார். கற்பகம் துணியை வாங்கி, உடனே வரையத் தொடங்கினார். சீக்கிரமே திரையில் பச்சையப்பனின் மயில் பாதி வளர்ந்திருந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, மணவாளன் படியிலேயே நின்றார், துண்டு விழட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி. கற்பகத்தின் இடது கை எழுந்து துண்டைப் பிடித்தது. வலது கை பச்சையப்பனின் மயிலைப் பத்திரமாக மூடி, ஏரித் தண்ணீரில் சிவப்புக் காலூன்றி நின்ற பறவையைத் திறந்தது. இடது கை அந்தத் துண்டால் திரையின் தூசியைத் துடைத்து, அதைத் தோள்மேல் போட்டுக்கொண்டது. பிறகு கற்பகம் எழுந்து, ஒயர்கள் இழுபட இழுபட, இரண்டு கையாலும் திரையைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தார்.