திரும்பிக் கிடந்த இங்கிலீசு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் சண்டையில் கரண்ட் நின்றுபோவதற்கு முந்திய அந்தக் கடைசி ஆண்டுகளில், அச்சுவேலிப் பக்கம் ஒலிபெருக்கி என்றால் நான்தான். என் அம்பிளிபயர் பாடாவிட்டால் சாமியே வெளியில் வராது என்று சொல்லித் திரிந்தேன்.

எங்கள் கோயில் தேருக்கு ஆறு நாள் இருக்கையில் அது ஊமையானது. உள்ளேயிருந்த சர்க்கிட் பலகையில் சந்தேகமான உதிரிகளைக் கழற்றி, எது எந்த ஓட்டைக்கு என்று தெரியும்படி ஒரு தட்டத்தில் அடுக்கினேன். பழுதான இரண்டையும் பிடித்து, புதிது இரண்டு எடுத்தும் வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் கோழி தட்டத்தில் ஏறி நடந்தது. அடுக்கு போயிற்று.

அதே மாதிரி அம்பிளிபயர் பெட்டி ஒன்று கரவெட்டியில் என் மனைவியின் அக்கா புருஷனிடம் இருந்தது. அவரும் ஒலிபெருக்கிக்காரர். நான் தோற்றால் கோயில் வேலை அவருக்குத்தான். இருந்தும் போய், பார்த்து அடுக்க ஒரு நாள் இரவல் கேட்டேன்.

"பெட்டி வாசலைத் தாண்டாது, தம்பி. வேணுமெண்டால் படம் எடுத்துக்கொண்டு போம்," என்று சிரித்தார்.

"ஓம் அண்ணை, நல்ல யோசினை."

சிரிப்பு நின்றது.

அடுத்த நாள் கமராவோடு போய் நின்றேன். கிட்டப் போனால் படம் மங்கும். லென்சைக் கழற்றி, திருப்பி வைத்துக் கறுப்பு ஒட்டு ரேப்பால் சுற்றினால் எறும்பின் மீசையும் தெரியும். அது நானாகக் கண்டுபிடித்தது. அவர் வீட்டுப் பிரம்புக் கதிரையில் உட்காரும் இடத்துப் பின்னல் அறுந்திருந்தது. அந்த ஓட்டைக்குள்ளால் கமராவைக் கீழ்நோக்கிக் கட்டி, அவர் பெட்டியின் பலகையை நேர் கீழே வைத்தேன். வெயிலில் உதிரிகளின் கம்பிக்கால்கள் பளிச்சிட்டன. அண்ணையின் வேட்டியையே வாங்கி மேலே விரித்தேன். பலகைக்குக் கீழே கடுதாசிகளை ஒவ்வொன்றாகச் சொருகி உயர்த்தி, துலங்கிய இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமத்தினேன்.

டவுன் ஸ்ரூடியோவில் பெரிதாக்கி வாங்கிய படமென்றால் படம்! உதிரிகளின் நிறக் கோடுகளை எண்ணலாம். ஆனால் என் பலகையோடு ஒன்றும் பொருந்தவில்லை. இடப்பக்கத்துச் சாமான் வலப்பக்கம் நின்றது. வேறு பெட்டியைக் காட்டி ஏய்த்துவிட்டார் என்று ஒன்றரை நாள் அண்ணையைத் திட்டினேன். தேருக்கு இரண்டே நாள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த என் மனைவி படத்தை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்த எழுத்தென்ன திரும்பிக் கிடக்குது?"

"அது இங்கிலீசு. அப்பிடித்தான் இருக்கும்."

"இங்கிலீசு எனக்குத் தெரியுமப்பா! ஸ்ரூடியோக்காரன் பிலிமை மறுபக்கமாப் போட்டு அடிச்சுப்போட்டான்."

ஓடிப்போய் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் பிடித்தாள். எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தன! நான் துள்ளிய துள்ளலில் கோழி மதில் தாண்டியது. அவள் கண்ணாடி பிடிக்க, நான் ஈயம் ஒட்ட, அன்று பின்னேரமே பெட்டி பாடியது.

தேரன்று அண்ணையும் வந்தார்.

"எப்பிடித் தம்பி திருத்தினீர்?"

விடுவேனா? மைக்கை வாயருகே பிடித்தேன். "எல்லாம் என்ரை மூளை, அண்ணை!" ஊரெல்லாம் கேட்டது.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து, மைக் இல்லாமலே, அதைவிடத் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"கண்ணாடி ஆரின்ரையப்பா?"

வடம் பிடித்தவர்கள் சிரித்த சிரிப்பில் தேர் நின்றுவிட்டது. நான் மைக்கை விடவில்லை.

"அதுவும் நான் வாங்கித் தந்ததுதான்!"