கேட்காத காதுக்குத் தோடு எதற்கு

அன்புமொழி என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பேன். கறம்பக்குடிப் பக்கத்தில் அவளைப் போல மனதில் கறுவிக்கொண்டே நடமாடுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. எனக்கு அவளைப் பிடித்துப் போனதும் அதனால்தான்.

நான் ஷர்லி. புதுக்கோட்டையில் ஒரு வாடகை வீட்டு மாடியில், காது கேட்காத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு அல்ல, பெற்றவர்களுக்கு. இதைப் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டும் பிரயோசனம் இல்லை. வருகிறவர்கள் பிள்ளையை என் பக்கம் தள்ளிவிட்டு, "பேச வச்சுக் குடுங்க டீச்சர், நாங்க கீழ டீக்கடையில இருக்கோம்" என்பார்கள். மிக்சியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இருங்க, நீங்கதான் இங்க படிக்க வந்திருக்கீங்க" என்று கதவை மறித்துக்கொண்டு நிற்பேன். ஷர்லி டீச்சர் வாய்க்காரி என்று பெயர். இருக்கட்டும்.

அன்புமொழி வந்தபோது அவள் மகள் கனிக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. திருச்சியில் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்து, காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு மிஷினும் கொடுத்திருந்தார்கள். மிஷினை மாட்டினால் சத்தம் உள்ளே போகும். போனால் மட்டும் பேச்சு வந்துவிடுமா? இந்தச் சத்தம் இன்னது, இந்தச் சொல் இன்னது என்று யாராவது பொழுதன்னைக்கும் பேசிப் பேசிக் காட்டினால்தான் வரும்.

"அந்த யாராவது நீங்கதான்" என்றேன்.

"நானா? நான் பத்தாவது பெயிலு டீச்சர்."

"கனிக்கு என்ன கணக்கா சொல்லிக் குடுக்கப் போறீங்க? பேசணும். அம்புட்டுத்தான்."

அவளைக் கனிக்கு எதிரே உட்காரவைத்து, நான் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஒரு பந்தை எடுத்தாள். "பந்து" என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது. அடுத்து என்ன சொல்வது என்று என்னைப் பார்த்தாள்.

"பதிலே பேசாத புள்ளைக்கிட்ட என்னத்தப் பேசறது டீச்சர்? பாக்கறவுக பைத்தியம்னு நெனப்பாக."

சரி, கூச்சம் போகட்டும் என்று, வீட்டில் யார் யார் என்று பேச்சுக் கொடுத்தேன். புருஷன் நிலவழகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் மாமியார் இல்லை. ஆனால் மாமியாருக்கும் மேலாக ஒரு நாத்தனார் உண்டு, அழகம்மாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்தப் பெயரைச் சொன்னதும் அன்புமொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஏதோ ஒரு வீட்டு விசேஷத்தில், பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, கனிக்கு எப்போது காதுகுத்து என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அழகம்மாள் முந்திக்கொண்டாள். "கேக்காத காதுக்குத் தோடு எதுக்கு? குத்துனா என்ன, குத்தாட்டி என்ன? எந்தம்பி ஒழச்ச காசுக்குத்தான் கேடு." கூட்டம் சிரித்திருக்கிறது. அன்புமொழி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "எம்புள்ள ஒங்க மூஞ்சிக்கு நேரா, அத்தை எனக்குக் கேக்குதுன்னு சொல்லணும். அன்னிக்குத்தான் அது காதுல ஊசி ஏறும் மதினி. அதுவரைக்கும் மூளிக் காதாவே இருக்கட்டும்" என்று சபையில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இதை என்னிடம் சொல்லும்போது அவள் கை பறந்தது, புருவம் ஏறி இறங்கியது. அழகம்மாளின் குரலில் பேசினாள், நடந்தும் காட்டினாள். கனி பந்தைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அதுவரை யார் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இதே மாதிரி, இதே வேகத்துல கனிக்கிட்டப் பேசுங்க" என்றேன்.

"இதையா?"

"இதையேதான்."

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க நான் அவள் வீட்டுக்குப் போனபோது துணி துவைக்கிற கல்லடியில் அம்மாவும் மகளும் நின்றார்கள். அன்புமொழி ஒரு பழைய பாவாடையைக் கல்லில் ஓங்கி அறைந்து, "இது யாரு? ஒங்கத்தை! அடி! நல்லா அடி! அழுக்கு போகுதா? போகாது, அது அம்புட்டு அழுக்கு!" என்றாள். தேங்காய் துருவும்போது, "துருவு, துருவு, அத்தைய நல்லாத் துருவு." கீரை ஆயும்போது அத்தையின் முடி. தோசைக்கல்லில் சுரீரென்று சத்தம் வந்தால் அத்தையின் நாக்கு. பயிற்சிப் புத்தகத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஆனால் செய்கிற வேலையோடு சேர்த்துப் பேசு, திரும்பத் திரும்பப் பேசு, உணர்ச்சியோடு பேசு என்று இருக்கிறதல்லவா? மூன்றும் இருந்தது. கனி பேசிய முதல் சொல் அம்மா இல்லை. அடி.

முறத்தை வைத்து ஒரு விளையாட்டும் சொல்லிக் கொடுத்தேன். வாயசைவைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுப் பழகுவதற்கு. அன்புமொழி முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஏதாவது சொல்வாள். கனி ஒற்றை விரலைக் காதருகே வைத்து, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். புதுச் சொல்லாக இருந்தால் கைதட்டலும் ஒரு கடலைமிட்டாயும் உண்டு. கனிக்கு இது வெறியாகவே போய்விட்டது. பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் பேசுவதைக்கூட விரலைக் காதில் வைத்து ஒப்பித்து, மிட்டாய்க்குக் கையை நீட்டுவாள்.

அன்புமொழியும் மாறிப்போனாள். என் வகுப்புக்கு வருகிற மற்ற அம்மாக்களை அவளே அதட்ட ஆரம்பித்தாள். "டீச்சர் என்ன மந்திரவாதியா? போனை உள்ள வைங்க. நான் பத்தாவது பெயிலு, எம்புள்ள பேசுது. ஒங்களுக்கு என்ன கொள்ளை?" நான் நாள் முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னால் எழுந்திருக்காதவர்கள், அவள் ஒரு சத்தம் போட்டால் பிள்ளைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

கனிக்கு நாலரை வயதானபோது நிலவழகன் வைகாசியில் லீவில் வருவதாகச் சொன்னான். அழகம்மாள் யாரையும் கேட்காமல் காதுகுத்துக்கு நாள் குறித்துவிட்டாள். "பேசுற அன்னிக்குப் பேசட்டும். பொம்பளப் புள்ளைய மூளியா வச்சிருந்தா ஊரு என்னையத்தான் சொல்லும். அத்தை நான் ரெண்டு பவுன்ல சங்கிலி போடுறேன்" என்று சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். தம்பியும் தலையாட்டிவிட்டான்.

அன்புமொழி என்னிடம் வந்து, "நல்லதாப் போச்சு. ஊரே வரட்டும்" என்றாள்.

அன்றிலிருந்துதான் கோளாறு. சோறு ஊட்டும்போது, குளிக்க வைக்கும்போது, தூங்கப் போகும்போதெல்லாம் ஒரே வசனம். "சொல்லு, அத்தை எனக்குக் கேக்குது. சொல்லு!" கல்லும் இல்லை, தேங்காயும் இல்லை, சிரிப்பும் இல்லை. கனி முதலில் சொன்னாள், பிறகு முனகினாள், பிறகு வாயை இறுக்கிக்கொண்டாள். ஒருநாள் மிஷினைக் கழற்றி அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"பழிவாங்கவா அந்த மிஷினு? இப்படிப் போட்டு இடிச்சா இருக்கற பேச்சும் போயிரும். விடுங்க."

"சபையில சொல்லிட்டேன் டீச்சர். அவ சொல்லலைன்னா நான் காலத்துக்கும் அந்த வீட்டுல தலை நிமிர முடியாது. ஒங்களுக்கு என்ன? ஒங்க புள்ளையவா சொன்னா?"

 

குலதெய்வக் கோயிலுக்கு எதிரே பந்தல். நானும் போயிருந்தேன். தாய்மாமனான அன்புமொழியின் தம்பி பட்டு வேட்டியில் உட்கார்ந்து கனியை மடியில் வைத்திருந்தான். ஆசாரி ஊசியோடு தயார். அன்புமொழி ரேடியோ செட்டுக்காரரிடம் பாட்டை நிறுத்தச் சொல்லி, மைக்கை வாங்கி மகளின் வாய்க்கு நேராக ஸ்டாண்டில் வைத்தாள். ஊரே கேட்க வேண்டுமாம்.

அழகம்மாள் தாய்மாமன் சீரைக்கூடச் செய்யவிடாமல், "மொதல்ல அத்தை சீரு" என்று சங்கிலிப் பெட்டியோடு முன்னால் வந்தாள். "அத்தை அழகம்மாள், ரெண்டு பவுன் தங்கச் சங்கிலி" என்று செட்டுக்காரர் இன்னொரு மைக்கில் முழங்கினார்.

அன்புமொழி குனிந்தாள். "கனி, அத்தை வந்திருக்கு. அத்தைக்கிட்ட என்ன சொல்லணும்?"

கனி வாயை இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லு சாமி."

இல்லை. பந்தலில் யாரோ இருமினார்கள். அன்புமொழியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"சொல்லிருச்சா?" என்றாள் அழகம்மாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஏம்மா புள்ளையப் போட்டு வதைக்கிற? வராததுக்கு அது என்ன செய்யும்? ஆசாரியாரே, நேரமாகுது, குத்துங்க." சிரித்துக்கொண்டே குனிந்து சங்கிலியைக் கனியின் கழுத்தில் போட்டாள். அவள் வாய் மைக்கை விட்டுத் தள்ளி, சரியாக மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னால் அவள் புருஷன் ஆண்டியப்பன் பதறிக்கொண்டு நின்றார். அவர் என்னமோ கேட்டார், இவள் என்னமோ முணுமுணுத்தாள். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

கனியின் விரல் மெதுவாக எழுந்து காதருகே போனது.

"கவரிங்" என்றாள் மைக்கில்.

ரேடியோ செட்டின் இரண்டு குழாயிலும் அது கோயில் வரைக்கும் போனது. அழகம்மாள் குனிந்த மேனிக்கே நின்றாள். பிள்ளை இன்னும் முடிக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் மிட்டாய் இல்லை என்று பழகியவள்.

"கவரிங். செவிட்டுப் புள்ளைக்கு இது போதும்."

சொல்லிவிட்டு அம்மாவிடம் கையை நீட்டினாள்.

நிலவழகன் எழுந்து வந்து மகள் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினான். கொக்கியைத் திருப்பிப் பார்த்தான். அதை அக்காவின் கையில் வைத்தான். ஆண்டியப்பன் செருப்பைத் தேடிக்கொண்டு பந்தலை விட்டுப் போய்க்கொண்டிருந்தார். நான் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவச்சி. மன்னிக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் கேட்டு வளர்ந்தவள். எனக்கு அன்றைக்கு மன்னிக்கத் தோன்றவேயில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

அழகம்மாள் நழுவப் பார்த்தாள். "இருங்க மதினி" என்றாள் அன்புமொழி. குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. சீர்த் தாம்பாளம் ஒன்றை எடுத்து, அதிலிருந்த வெற்றிலையைக் கீழே தட்டிவிட்டு, வீட்டில் முறத்தைப் பிடிக்கிற மாதிரி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சரியாக் கேக்கல சாமி. இன்னொருக்கா சொல்லு."

கனிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மா பழையபடி விளையாட வந்துவிட்டாள். விரலைக் காதில் வைத்து, மூச்சை இழுத்து, முன்னைவிடச் சத்தமாக, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

அன்புமொழி தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"ஆசாரியாரே, இப்பக் குத்துங்க."