மாட்டுத் தடத்தில் வைத்த நீலக் கற்கள்

என் புருஷன் ஒஸ்மோனுக்குக் குதிரை என்றால் பயம். இதை ஒளித்துப் பேச ஒன்றுமில்லை, கோக்-பெல் ஊருக்கே தெரிந்த சங்கதிதான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்னே சேணத்தில் உட்காருகிறார்கள். இவர் மட்டும் சின்ன வயதில், குதிரை மேலிருந்து ஆட்டுக்கிடா பிடிக்கிற ஆட்டத்தில் விழுந்து, கால் சேண வளையத்தில் மாட்டி, மைதானத்தின் பாதி தூரம் இழுபட்டார். அன்றோடு சரி. பிறகு அவர் குதிரையின் பின்பக்கமாகக்கூட நடந்ததில்லை.

பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்ததே சைக்கிளில்தான். என் அண்ணன் கெங்கேஷ் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்பிள்ளை, உன் வண்டிக்குப் புல்லு போடவா, காத்தடிக்கவா?"

"ரெண்டும் வேணாம் பைகே. எனக்கு ஒரு டீ போதும்" என்றார் இவர்.

மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் பைகே என்போம். மற்றவர்கள் வாயில் அது வெறும் பழக்கமாக வரும், இவர் வாயில் ஒவ்வொரு தடவையும் மரியாதையோடு வரும். அந்தப் பதிலுக்காகத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். கேலி செய்கிறவன் முன்னால் கோபப்படாத ஆம்பிளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அது பொறுமை என்று நினைத்தேன்.

ஊர் மாடுகளை வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டு மேய்ப்பது எங்கள் வழக்கம். குதிரைக்காரர்களுக்கு அது கேவலமான வேலை. முறை வந்தால் ஒஸ்மோனிடம் தள்ளிவிடுவார்கள். அவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாடுகளுக்குப் பின்னால் கிளம்பிவிடுவார். "மாட்டை ஓட்டறானா, மாடு இவனை ஓட்டுதா?" என்று கெங்கேஷ் கேட்காத நாளில்லை.

ஊரில் இருந்த சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊருக்குச் சோறு போட்டது விடுமுறைக்கு வருகிறவர்கள்தான். அல்மாட்டியிலிருந்து வருவார்கள், வேறு தேசங்களிலிருந்தும் வருவார்கள், மலை சைக்கிளைக் கூரையில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் பாதிப் பேருக்குச் சரியாக ஓட்டத் தெரியாது. "புதுசா பழகறவங்க போற மாதிரி சுலபமான பாதை இருக்கா?" என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் உடனே கையை நீட்டி, "அதோ, நல்ல பாதை, குழந்தைகூடப் போகும்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. குழந்தை போகும்தான், குதிரை மேல் போகும். குதிரைத் தடம் மலையில் நேராக ஏறி நேராக இறங்கும், நடுவில் ஓடை வந்தால் ஓடைக்குள்ளேயே போகும். சாயங்காலம் பார்த்தால் வந்தவர்கள் முட்டியை உரித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது புரியவே இல்லை. பட்டணத்து ஆட்களுக்கு உடம்பில் தெம்பில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

புரிந்துகொண்டவர் ஒஸ்மோன் ஒருவர்தான்.

"மாடு இருக்கே, அது சோம்பேறி. அதுக்கு ஏறவும் பிடிக்காது, இறங்கவும் பிடிக்காது. சரிவைச் சுத்திச் சுத்தியே போகும். சைக்கிளுக்கு அந்தத் தடம்தான் சரி" என்றார் என்னிடம்.

ஒரு கோடை முழுக்க மாட்டுத் தடங்களை ஓட்டிப் பார்த்தார். எங்கே தனக்குப் பயம் வந்ததோ அந்த இடத்தைத் தள்ளிவிட்டார். "எனக்கே பயம் வரலைன்னா யாருக்கும் வராது, பெர்மெத்" என்பார். கடைசியில் மேல்பாலத்தில் தொடங்கி, ஊசியிலைக் காட்டின் ஓரமாகச் சுற்றி, பெரிய புல்வெளியில் முடிகிற ஒரு பாதை தேறியது. எங்கள் கதவுக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீலப் பெயிண்டைக் கற்களில் பூசி, திருப்பத்துக்குத் திருப்பம் வைத்தார்.

அடுத்த கோடையில் வந்தவர்கள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். "ஒஸ்மோன் பாதை எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் புருஷனின் பெயரை யாராவது சிரிக்காமல் சொன்னது அப்போதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். விருந்தினர் வீடு நடத்துகிறவர்கள் எல்லாம் சேர்ந்து, புதிதாகப் பழகுகிறவர்களைக் கூட்டிப்போகிற பொறுப்பை அடுத்த வருஷம் முதல் அவருக்கே கொடுப்பதாகப் பேச்சு அடிபட்டது. அது நடந்தால் மாட்டு முறையை யாரும் அவர் தலையில் கட்ட முடியாது.

என் அண்ணனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவருக்குக் கீழே விருந்தினர் வீடு, மேலே மேய்ச்சல் வெளியில் கம்பளிக் கூடாரங்கள், அங்கே கிமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் விற்பார். பாதை அந்தப் பக்கம் போகவில்லை.

"மாப்பிள்ளை, உன் பாதை என் வாசல் வழியாப் போனா தேஞ்சா போயிடும்? வர்றவன் ஒரு கிண்ணம் கிமிஸ் குடிச்சிட்டுப் போவான்ல?"

"உங்க பக்கம் இறக்கம் ஜாஸ்தி பைகே. புதுசா ஓட்டறவங்க விழுந்துடுவாங்க."

"எங்க இறக்கம்? அந்தப் பாதையில நான் தூங்கிக்கிட்டே போவேன்."

"உங்க குதிரை முழிச்சிருக்கும் பைகே" என்றார் இவர். அண்ணன் சிரிக்கவில்லை.

அதே கோடையில் அல்மாட்டியிலிருந்து மக்பால் என்று ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை, என் வயதுதான் இருக்கும். புருஷன் ஓராஸும் கூட வந்திருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

"போன வசந்தத்துலதான் சைக்கிள் பழகினேன். இறக்கம் வந்தா கண்ணை மூடிக்கறேன். சிரிக்காதீங்க."

"நான் ஏன் சிரிக்கறேன், நானும் மூடிக்கற ஆள்தான்" என்று ஒஸ்மோன் அவளுடைய இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்தார். மறுநாள் அவருக்கு மாட்டு முறை, கூடப் போக முடியாது. "நீலக் கல்லைப் பார்த்துப் போங்க. கல் இருக்கற இடத்துல பயப்பட ஒண்ணும் இல்லை" என்றார்.

மத்தியானம் ஓராஸும் ஊர் ஆட்களும் அவளை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது, கன்னம் கிழிந்து தொங்கியது. என் அண்ணனின் கூடாரங்களுக்குக் கீழே இருக்கிற ஓடைப் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். அந்தப் பள்ளத்துக்கும் ஒஸ்மோன் பாதைக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனால் நீலக் கல்லைப் பார்த்துத்தான் போனேன் என்றாள் அவள். ஒஸ்மோன் மாடுகளை விட்டுவிட்டு ஓடி வந்து ஜீப் பக்கத்தில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் எங்க தப்பு பண்ணினேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் நான் பால் கறந்துகொண்டிருந்தபோது கெங்கேஷ் தொழுவத்துக்குள் வந்தார். உட்காரவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கத்தாதே. கல்லைக் கொஞ்சம் நகர்த்தினேன்."

"எந்தக் கல்லை?"

"காட்டு முனையில இருந்த கல்லுங்களை. எடுத்து நம்ம குதிரைத் தடத்துல வெச்சேன். நல்ல பாதைதானே அது? நீயே சின்னப் புள்ளையில போயிருக்கியே? அந்தப் பொம்பளை இப்படி விழுவான்னு நான் கண்டேனா?"

வாளியை அவர் மேல் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. அப்பா போன பிறகு என்னைத் தன் சேணத்தில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர்.

"நாளைக்குப் பெரியவங்க முன்னாடி நானே சொல்லிடறேன். மாப்பிள்ளைகிட்ட நீ சொல்லு, மனசு விட்டுடப் போறான்" என்றார். நம்பினேன். கூடப்பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஒஸ்மோனிடம் சொன்னேன். அவருக்கு அண்ணன் மேல் கோபமே வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "அப்ப என் பாதை சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் அண்ணன் வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. விருந்தினர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். மக்பால் கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர் தொக்தோபாய் பொதுவாகக் கேட்டார், யார் வைத்த கல் என்று. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தேநீரை ஊதிக் குடித்தார்.

"மாப்பிள்ளை நல்லவன்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை" என்று நிதானமாக ஆரம்பித்தார். "ஆனா குதிரை ஏறாதவனுக்கு மலை எப்படித் தெரியும்? எங்க வெச்சோம்னு அவனுக்கே மறந்திருக்கும்."



"அண்ணே, நேத்து என் தொழுவத்துல நின்னு என்ன சொன்னீங்க? இப்ப வாயில போர்சோக் ரொட்டியையா அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நடு முற்றத்துக்கே வந்துவிட்டேன். "கல்லை நகர்த்தினது இவர்தான். இவர் வாயாலேயே என்கிட்ட சொன்னார்."

அண்ணன் என்னைப் பார்க்காமல் பெரியவரிடம் சொன்னார். "புருஷன் மேல பாசம். என்ன பண்றது."

பெரியவர் ஒஸ்மோன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா. உன் பொண்டாட்டி சொல்றது நிஜமா?"

ஒரு வார்த்தை போதும். 'ஆமா' என்றால் முடிந்தது. என் புருஷன் எழுந்து நின்றார், தொப்பியைக் கையில் எடுத்துச் சுருட்டினார், என் அண்ணனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இல்ல. நான்தான் வெச்சேன்" என்றார். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா."

மக்பால் மெதுவாக, "உங்களை நம்பித்தானே போனேன்" என்றாள். அவர் தலையாட்டினார். தலையாட்டினார், பாவி மனுஷன்.

அப்புறம் நடந்ததில் சொல்ல என்ன இருக்கிறது? கற்களையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தார். புதிதாகப் பழகுகிறவர்களைக் கூட்டிப்போகிற பொறுப்பு கெங்கேஷ் கைக்குப் போனது. முற்றத்தை விட்டு நான் கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்தார். "ஊர் முன்னாடி என்னைத் திருடனாக்கப் பார்த்தே. இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்றார். என்னை அவர் ஏமாற்றவில்லை, நான்தான் அவரை ஏமாற்றினேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஒஸ்மோனைக் கேட்டேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"உனக்குன்னு இருக்கறது அந்த ஒரு பொறந்த வீடுதான். என்னால அது போகக் கூடாதுன்னு பார்த்தேன். பாதை போனா போகுது."

"அந்த வீட்டை நான் முற்றத்துல எழுந்து நின்னப்பவே விட்டாச்சு. உங்களுக்காக விட்டேன். அது தெரியலையா உங்களுக்கு?"

நான் விடவில்லை.

"எனக்காகச் சொன்னீங்களா, இல்ல அவரை எதிர்த்துப் பேசப் பயந்து சொன்னீங்களா?"

"தெரியலை பெர்மெத்" என்றார்.

இப்போது ஒஸ்மோன் பழையபடி மாட்டுக்குப் பின்னால் போகிறார். ஊர் அவரைப் பார்த்துச் சிரிப்பதுகூட இல்லை, பரிதாபப்படுகிறது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். "கூடப்பிறந்தவன் மேலயே பொய்ப்பழி போட்டவ" என்று காதில் விழுகிற மாதிரியே பேசுகிறார்கள். நான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருவர் எனக்கு வாசலைச் சாத்திவிட்டார். இன்னொருவருக்குக் காலையும் மாலையும் நான் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறேன்.