படத்துக்குப் போகிறவர்கள் போக மீதி

சடங்கு முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் வரைக்கும் உள்ள ஒரு மணி நேரம் அவளுடையது. அதனால் விருந்து மண்டபத்தில் அவளுக்கு ஒருமணி அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அழைப்பிதழில் காக்டெய்ல் நேரம் என்று பகட்டாகப் போட்டிருப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் நெருங்கிய சொந்தங்களும் தோட்டத்தில் படம் எடுக்கப் போய்விடுவார்கள். மற்றவர்களுக்குப் பசி வயிற்றைக் கிள்ளும், புதுச் செருப்பு கடிக்கும், பத்து வருஷமாகப் பேசாத பங்காளி சரியாக எதிரே வந்து நிற்பார். அவர்கள் கையில் ஒரு கிளாஸையும் வாயில் வறுத்த முந்திரியையும் கொடுத்து, சண்டை சச்சரவில்லாமல் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்பவர் ஒருநாள் வந்து செய்து பார்க்கட்டும்.

பத்தொன்பது வருஷத்தில் தனக்கென்று சில முறைகள் வைத்திருந்தாள். மேசை நெஞ்சுயரம் இருக்கவேண்டும். நாற்காலி போட்டால் அவரவர் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நகரமாட்டார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு மட்டும் சுவரோரம் ஆறே ஆறு நாற்காலி. குடிக்காதவருக்கும் அதே நீளக் கிளாஸ், அதே எலுமிச்சைத் துண்டு. யாராவது தனியாக நின்றால் முதல் தட்டு அவரிடம்தான் போகவேண்டும். நீட்டிவிட்டு, “நீங்க மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா?” என்று கேட்கவேண்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் மனுஷர் தேறிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே புகைப்படக்காரரின் பட்டியல். தோட்டத்துக்கு யார் யார் போகிறார்கள் என்று முன்கூட்டியே வாங்கி, அத்தனை பேரையும் மொத்தத்தில் கழித்துவிடுவாள். ஊற்றிவைத்த கிளாஸில் பனிக்கட்டி கரைந்து சப்பென்று நிற்பது அவளுக்கு ஆகவே ஆகாது.

இந்த முறை மாப்பிள்ளை, அவள் பெற்ற பிள்ளை.

“அம்மா, அந்த ஒரு மணி நேரத்த நீயே பாத்துக்கோயேன். உன்ன மாதிரி யாருக்கும் வராது,” என்று அவன் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் இதே நினைப்பு. சம்பந்தியம்மாவுக்குச் சர்க்கரை ஆகாது, மருமகளின் மாமாவுக்குப் பல் சரியில்லை என்று ஒவ்வொருவரையும் விசாரித்து வைத்தாள். மாதுளைச் சாற்றில் இஞ்சி கலந்து, வீட்டில் பதினோரு தடவை தானே குடித்துப் பார்த்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டாள். அரக்கு நிறத்தில் புது உடுப்பு ஒன்றும் எடுத்தாள். வேலைக்குப் போடும் கறுப்பையா படத்திலும் போட்டுக்கொண்டு நிற்பது?

வீட்டாரையும் சேர்த்து நூற்றுப் பதினெட்டுப் பேர். படத்துக்குத் தன்னையும் சேர்த்துப் பதினைந்து பேர் போவார்கள் என்று மனக்கணக்காகக் கழித்து, நூற்று மூன்று கிளாஸ் என்று குறித்தாள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பட்டியல் வந்தது. பதினாலு பேர். மாப்பிள்ளையின் அப்பா இருந்தார், அப்பாவின் மனைவி இருந்தாள், பெண்ணின் அத்தைகூட இருந்தாள். மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் படித்தாள். தான் இல்லை.

பானம் கலக்குகிறவன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். நின்றபடியே கண்ணயரும் திறமைக்காக அவனைக் கோழித்தூக்கம் என்பார்கள்.

“போட்டோக்காரர் விட்டுட்டார் போலக்கா. ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க.”

“பட்டியல் குடுத்தது அவர் இல்லப்பா. என் பிள்ளை.”

கோபம் வந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பிள்ளை பட்டம் வாங்கிய நாள்தான் ஞாபகம் வந்தது. அவளை விட்டுவிட்டுப் போன புருஷன் புது மனைவியோடு வந்திருந்தான். எல்லோரும் சேர்ந்து நில்லுங்கள் என்று யாரோ சொல்லப்போக, “அந்த ஆள் நிக்கிற படத்துல நான் நிக்கமாட்டேன். இன்னைக்கு இல்ல, என்னைக்குமே!” என்று கூட்டமே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு வெளியேறினாள். அங்கியும் தொப்பியுமாகப் பிள்ளை நடுவில் நின்று திருதிருவென்று விழித்தான். அவன் அதை மறக்கவில்லை. மறக்காததால்தான் அவளுக்கு ஒரு மணி நேரத்து வேலையைக் கையில் கொடுத்திருக்கிறான். அம்மாவுக்கும் சங்கடமில்லை, அப்பாவுக்கும் சங்கடமில்லை. அவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நானும் வந்து நிக்கிறேன்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூறு பேரைப் பேசவைக்கத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வீம்பு என்பது ஒருமுறை பிடித்தால் லேசில் விடுவதா? மறுநாள் பிள்ளையே கூப்பிட்டான்.

“எல்லாம் ரெடியாம்மா? வேற ஏதாவது வேணுமா?”

“ஒண்ணும் வேணாம்டா. பனிக்கட்டி மட்டும் நேரத்துக்கு வரணும்.”

போனை வைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு மூன்றை அடித்து நாலாக்கினாள். நூற்று நாலு கிளாஸ்.

கல்யாணத்தன்று அரக்கு உடுப்பைத்தான் போட்டிருந்தாள். கடைசி நிமிஷத்திலாவது கூப்பிடுவான் என்று ஒரு நப்பாசை. பனிக்கட்டி நேரத்துக்கு வந்தது. மாதுளைச் சாறு பறந்தது. சம்பந்தியம்மாவின் தங்கை, பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் திட்டம் போட்டதிலேயே அழகான ஒரு மணி நேரம் அது என்று கோழித்தூக்கம் இன்றைக்கும் சொல்வான்.

அவள் தோட்டத்துக் கதவோரம் போய் நின்றாள். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது.

“குடும்பப் படம்! எல்லாரும் வந்தாச்சா?” என்று புகைப்படக்காரர் குரல் கொடுத்தார்.

பிள்ளை இந்தப் பக்கம் திரும்பினான். கதவையும், கதவோரத்தில் அரக்கு உடுப்பையும் பார்த்தான். கண்ணால் கேட்டானோ என்னவோ. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன் கை தானாக உயர்ந்து, ‘நீ எடுடா’ என்று காட்டியதுதான்.

“வந்தாச்சு,” என்றான்.

அப்போது அவள் முன்னால் ஒரு தட்டு நீண்டது. ஆள் போதாதென்று அன்று காலையில் வெளியிலிருந்து கூட்டிவந்த பெண். கோழித்தூக்கம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, யார் தனியாக நிற்கிறார்கள் என்று தேடி வந்திருக்கிறாள். ஒருமணி அக்காவை அவள் அதுவரை பார்த்ததில்லை.

“எடுத்துக்கோங்கம்மா. நீங்க மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா?”

“மாப்பிள்ளை பக்கம்.”

“அவருக்கு நீங்க என்ன உறவு?”

“அம்மா.”

அந்தப் பெண் தோட்டத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

“அப்ப ஏம்மா இங்க தனியா நிக்கிறீங்க?”

கை நீட்டி ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டாள்.

“இஞ்சி போட்டதுதானே இது?” என்று கேட்டாள்.