வேலிப் பள்ளிக்கூடத்தின் கடைசி இடப்பெயர்வு

முழங்காலுக்குக் குதிரைத் தைலம் பூசிக்கொண்டிருந்தபோது மகன் அமெரிக்காவிலிருந்து அழைத்தான். குதிரைத் தைலம் என்றதும் பயந்துவிடாதீர்கள். இங்கே சவர்க்காரம் விற்கிற கடைகளில்கூடக் கிடைக்கிற பச்சை நிறக் களிம்புதான். ஒரு காலத்தில் குதிரைக்குப் பூசினார்களாம், பிறகு மனிதருக்கும் ஆகும் என்று கண்டுபிடித்தார்களாம். டப்பாவில் இருந்த ஜேர்மன் பெயரை எங்கள் ஆட்கள் அப்படியே தமிழாக்கிவிட்டார்கள். நாங்கள் இங்கே துடைத்த படிகளையும் கழுவிய கோப்பைகளையும் நினைத்தால் அந்தப் பெயரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகன் இங்கே ஜேர்மனியில் ஆஹென் நகரில் படிக்கிறான். ஒரேயொரு செமெஸ்டருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போயிருக்கிறான். அன்றைக்கு அவன் குரல் செத்துப்போய் இருந்தது. பரீட்சையில் ஏதோ பிசகு என்று நினைத்து என் கை தைலத்தோடு அப்படியே நின்றுவிட்டது. விசயம் அதுவல்ல. அவன் போயிருக்கிற பல்கலைக்கழகம் தன் விளையாட்டு லீக்கை விட்டு வேறு லீக்குக்குப் போகப் போகிறதாம். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருடம் தவறாமல் விளையாடிவந்த ஆட்டம் இனி இல்லையாம். அடுத்து எந்தப் பல்கலைக்கழகம் எங்கே தாவும் என்பதுதான் அங்கே பஸ்ஸிலும் தேத்தண்ணிக் கடையிலும் பேச்சாம்.

“பள்ளிக்கூடம் எங்க போகுது?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டான். “பள்ளிக்கூடம் ஒரு இடமும் போகேல்லை அம்மா. ரீம் மட்டும்தான் மாறுது. ரீவிக்காரர் கூடக் காசு குடுக்கினமாம்.”

அவனுக்கு என் கேள்வி வேடிக்கை. ஆனால் நான் படித்த பள்ளிக்கூடம் மேசை, கதிரை, கரும்பலகை, மணி எல்லாவற்றையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு உண்மையாகவே இடம் மாறிய பள்ளிக்கூடம். இலங்கையில் எங்கள் ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்றுக்குச் சுற்றிவர மதில். எங்களுடையதற்குக் கிடுகு வேலி. அதனால் அவர்கள் மதில்காரர், நாங்கள் வேலிக்காரர். இரண்டுக்கும் முறையான நீண்ட பெயர்கள் உண்டு, ஆனால் அவற்றைப் பரிசளிப்பு விழாவில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். சண்டை வந்தது, இராணுவம் ஊரை எடுத்தது. எங்கள் பள்ளிக்கூடம் முதலில் ஒரு கோயில் மண்டபத்துக்குப் போனது, பிறகு வேறு ஊரில் ஒரு கொட்டிலுக்கு, பிறகு இன்னொரு பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்புகளாக. கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்தோடேயே சேர்த்துவிட்டார்கள். மதில்காரரும் இடம்பெயர்ந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் திரும்பிப் போய்த் திறந்துவிட்டார்கள். எங்கள் காணியில் கிணற்றுக்கட்டும் பற்றையும்தான் மிச்சம் என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் இன்னும் போகவில்லை. போய் என்னத்தைப் பார்க்க?

தைலத்தின் மணம் இருக்கிறதே, அது என்னை ஊருக்குக் கொண்டுபோவதில்லை. பேர்லினில், நொய்கெல்ன் ஓரத்தில், எங்கள் பழைய மாணவர்கள் புட்போல் விளையாடிய சிவப்பு மைதானத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் புல் மைதானம் நல்ல கிளப்புகளுக்கு. எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது செங்கல்லை அரைத்துக் கொட்டியது மாதிரியான சிவப்புச் சரளை நிலம். முதன்முதல் அதைக் கண்டபோது எங்கள் ஆட்களில் ஒருவர் குனிந்து ஒரு பிடி அள்ளி, எங்கட செம்மண் மாதிரியே கிடக்கு என்றார். விழுந்து பார்த்த பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. முழங்கால் தோல் கழன்றுவிடும். ஆட்டம் முடிந்ததும் வரிசையாக இருந்து தைலம் பூசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்தக் கற்பூரவாடைதான்.

நான் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை, மொழி, வீசா எதுவும் ஒழுங்காக இல்லை. முருகன் கோயிலடியில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, வேலிப் பள்ளிக்கூடமோ என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஐந்தாறு வகுப்பு மேலே படித்த குணம் அண்ணை. கண் கலங்கிவிட்டது எனக்கு. அவர் என் கண்ணீரைப் பார்க்காதமாதிரி, லைன்ஸ்மனுக்கு ஒரு ஆள் குறையுது, கொடி பிடிக்க வாறியோ என்றார். இப்படித்தான், புட்போலில் பந்து உருண்டை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத நான், பேர்லினுக்கு வந்து சேர்ந்திருந்த மதில்காரருக்கும் வேலிக்காரருக்கும் வருடாவருடம் நடந்த ஆட்டத்துக்குக் கொடி பிடித்தேன். ஓஃப்சைட் என்றால் என்னவென்று அண்ணை விளங்கப்படுத்தியிருந்தார். விளங்கியது என்று தலையாட்டியிருந்தேன். மதில்காரர் ஓடிவருகிற போதெல்லாம் கொடியைத் தூக்கினேன். எங்கள் ஆட்களே வெட்கப்பட்டுப் போனார்கள்.

மதில்காரருக்குத் தலைவர் தேவன் அண்ணை. குணம் அண்ணையும் அவரும் ஒரே இத்தாலியன் றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார்கள், ஒருவர் கழுவ மற்றவர் துடைப்பார். ஆட்டத்துக்கு முந்திய கிழமை முழுக்க இரண்டு பேரும் பேசமாட்டார்கள். கோப்பை மட்டும் கைமாறும். ஆட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது: தோற்றவர்கள் அடுத்த ஞாயிறு ஆடு காய்ச்சி, புட்டு அவித்து, வென்றவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். வென்றவர்கள் வந்து, உப்புக் கூட, தூள் காணாது என்று நொட்டை சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தெரிந்து நாங்கள்தான் அதிகம் சமைத்தோம்.

குணம் அண்ணைக்கு அந்த ஆட்டம் உயிர். ஏன் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரை உலகத்தில் யாராவது வாய்விட்டுக் கூப்பிடுவது அந்த மைதானத்தில், அந்த ஒரு நாளில் மட்டும்தான். மதில்காரர் எங்களைத் திட்டுவதற்காகவாவது, வேலிக்காரரே என்று கத்துவார்கள். திட்டுவதற்கு அவர்கள் வேண்டும். வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காரருக்கு எங்கள் வேலியைப் பற்றி என்ன தெரியும்?

காலம் போனது. குணம் அண்ணை பஸ் ஓட்டினார், தேவன் அண்ணை நொய்கெல்னில் மரக்கறிக் கடை போட்டார். இருவருக்கும் தொந்தி வைத்தது, விளையாட்டை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு வெளியில் நின்று கத்தினார்கள். பழைய மாணவர் அணிகள் ஜேர்மனி முழுக்கப் பெருகின. ஒரு லீக் இரண்டானது, பேர்லின் பக்கம் ஒன்று, மேற்கே ரைன் ஆற்றுப் பக்கம் ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் இதே கதைதான். எந்தப் பள்ளிக்கூடம் போகும், எது நிற்கும், எதை யார் இழுக்கிறார்கள் என்று கலியாணம் பேசுகிறமாதிரி ரெலிபோன் அடித்துக்கொண்டேயிருக்கும். ரைன் பக்கத்தில் பெரிய மைதானம், மண்டபம், பாட்டு, பரிசு, விளம்பரம் தருகிற கடைகள் எல்லாம் இருந்தன.

அந்த லீக்கை நடத்தியவன் நிரோஷ். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, மரியாதையானவன், தமிழ்ப் பாடசாலையில் ஒழுங்காகத் தமிழ் படித்தவன். அவன் குணம் அண்ணைக்கு அழைத்த பின்னேரம் நான் அவர் வீட்டுக் குசினியில் இருந்தேன், நம்பர் தைப்பதற்குச் சேர்ட்டுகளை வாங்கப் போயிருந்தேன். அண்ணை ரெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் உரித்தார். அந்தப் பக்கத்திலிருந்து நிரோஷ் நீளமாக ஏதோ விளக்க, இவர் எங்கள் ஆட்கள் எல்லாரும் ரெலிபோனில் செய்வதைத்தான் செய்தார். ஓம். ஓம் தம்பி. ம். ஓம் ஓம். அப்ப சரி தம்பி, வைக்கட்டே.

என்னவாம் என்று கேட்டேன். லீக் மாறச் சொல்லிக் கேக்கிறான், தேவனோடயும் கதைச்சுப்போட்டுப் பாப்பம் என்றார். வெங்காயத்தை முடித்துவிட்டுக் கைகழுவினார்.

அடுத்த கிழமை ஆட்ட ஒழுங்கு வெளிவந்தது. வேலிப் பள்ளிக்கூடம் ரைன் லீக்கில். அண்ணை உடனே நிரோஷுக்கு ரெலிபோன் அடித்தார், அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார், அதனால் பக்கத்தில் இருந்த நானும் கேட்டேன்.

“நான் வாறன் எண்டு சொல்லேல்லையே தம்பி.”

“அண்ணை, நான் கேட்ட எல்லாத்துக்கும் நீங்கள் ஓம் எண்டுதானே சொன்னனீங்கள்.”

“அது கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓம் தம்பி.”

பாவம் அவன். ஜேர்மன்காரரின் நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஓம் என்றால் ஜேர்மன்காரரின் யா, யா என்றால் முடிந்த விசயம். ஒரே சொல்லில் நாங்கள் சம்மதமும் சொல்வோம், காதையும் காட்டுவோம் என்று எந்தத் தமிழ்ப் பாடசாலையில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மாற்றித்தரப் பார்க்கிறேன் என்றான், பார்க்கவும் செய்தான். ஆனால் அதற்குள் பேர்லின் லீக்கில் எங்கள் இடத்துக்கு வேறு பள்ளிக்கூடத்தைப் போட்டுவிட்டார்கள்.

நான் தேவன் அண்ணையின் கடைக்குப் போனேன். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. குணம் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் என்றார். நான் ஓம் கதையை முழுக்கச் சொன்னேன். நம்பவில்லை. “குணம் ஓம் எண்டா ஓம்தான். எனக்கு அவனைத் தெரியாதோ?” என்றார். குணம் அண்ணையோ, அவன் என்னை நம்பாட்டி நான் ஏன் போய்க் கெஞ்ச வேணும் என்று இருந்துவிட்டார். இவர் அவர் அழைப்பார் என்று பார்த்திருக்க, அவர் இவர் அழைப்பார் என்று பார்த்திருக்க, ஒரு வருட ஆட்டம் போனது. அடுத்த வருடமும் போனது. ஒரு சுரங்க ரயில் தரிப்பிடம்கூட இல்லை இரண்டு வீட்டுக்கும் இடையில்.

ரைன் பக்கத்துக்கு வாடகை வான் பிடித்து விடிய வெளிக்கிட்டுப் போவோம். பெரிய மைதானம்தான், பச்சைப் புல்தான். எங்களோடு விளையாடியவர்கள் மரியாதையாகக் கைகொடுத்தார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. ஒலிபெருக்கியில் எங்கள் பள்ளிக்கூடத்தின் நீண்ட பெயரை ஒருவர் பிழையாக வாசித்தார், குணம் அண்ணை போய்த் திருத்தினார், மறுபடியும் பிழையாக வாசித்தார். மற்ற அணிகளுக்கு ஊரிலிருந்து படித்துவிட்டு வந்த இளம் பிள்ளைகள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து யார் வருவார்கள்? ஒருமுறை ஆள் போதாமல் விளையாடாமலே தோற்றோம். தோற்றவர்கள் சமைக்க வேண்டும் என்று அங்கே சட்டமில்லை. அடுத்த வருடம் எங்களை வேறொரு அணியோடு சேர்த்தார்கள், அதற்கடுத்த வருடம் பெயரை எடுத்துவிட்டார்கள். இலங்கையில் நடந்தது அப்படியே இங்கேயும் நடந்தது, குண்டு மட்டும் விழவில்லை.

பிறகு குணம் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம். மூளையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடும் என்று டொக்டர் சொன்னாராம். அவர் மனைவி அந்த ஓமின் இழுவையை வைத்து இது பசி, இது கோபம் என்று பிடித்துக்கொள்வார். எங்களுக்கு அது பிடிபடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது தேவன் அண்ணை வந்தார். கையில் சாப்பாட்டுக் கரியர். மூடியைத் திறக்காமலே ஆட்டிறைச்சிக் கறி என்று மணம் சொன்னது. நான் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். தோற்றது தான்தான் என்று அந்த மனிதர் சமைத்துக்கொண்டு வந்திருக்கிறார். குணம் அண்ணைக்கு அப்போது விழுங்கவே ஏலாது, எல்லாம் அரைத்துத்தான் கொடுப்பார்கள்.

தேவன் அண்ணை கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பிறகு கேட்டார்.

“உண்மையைச் சொல்லு குணம். எங்களை விட்டிட்டுப் போகோணும் எண்டு நினைச்சோ போனனீ?”

குணம் அண்ணையின் முகம் கோணியது. இடது கையால் தேவன் அண்ணையின் கையைப் பிடிக்கப் பார்த்தார். வாய் எதற்கோ பாடுபட்டது.

“ஓம்,” என்றார்.

தேவன் அண்ணை எழும்பினார். நான் வாறன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். கரியர் மேசையிலேயே இருந்தது. நான் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் பின்னால் ஓடி, பஸ் தரிப்பில் பிடித்தேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன், அண்ணைக்கு வாயில் வேறு சொல்லே இல்லை, எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார், நீங்கள் மாறிக் கேட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும் என்று. அவர் ரோட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “ஓம் ஓம்.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்தக் குளிருக்குள் குணம் அண்ணை போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டில் தேவன் அண்ணை கடைசி வரிசையில் நின்றதைக் கண்டேன், நான் கிட்டப் போவதற்குள் காணவில்லை. பிறகு கடையை விற்றுவிட்டு மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். சிவப்பு மைதானத்தில் இப்போது பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். போன கிழமை பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பிள்ளைகள் சறுக்கி விழுந்து எழும்புகிறார்கள், முழங்காலில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. வேலிக்காரரே என்று என்னைக் கூப்பிட இந்த ஊரில் இனி ஆளில்லை.

மகன் அமெரிக்காவிலிருந்து இன்னும் அந்தப் பல்கலைக்கழகக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். தைலம் காய்ந்துவிட்டது. எனக்கோ அந்தப் பஸ் தரிப்பை விட்டு மனம் நகரவில்லை. தேவன் அண்ணை அன்றைக்குச் சொன்ன ஓம் எந்த ஓம்? நான் சொன்னதை நம்பினாரா, கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாரா? அவருடைய கனடா நம்பர் என்னிடம் இருக்கிறது. ரெலிபோன் எடுத்துக் கேட்கலாம்தான். கேட்டால் ஓம் என்பார்.