பவுடர் டப்பா ராக்கெட்

பேரன் தீக்குச்சி கிழித்தான். அந்த மருந்து வாசனைக்கு இன்றும் என் கண் வாசலுக்குத்தான் போகிறது.

அன்று தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் அப்பா, அண்ணன், நான் மூன்றே பேர். அண்ணன் பவுடர் டப்பாவில் தீக்குச்சி மருந்தை அடைத்து ராக்கெட் செய்திருந்தான். சுரங்கத்தில் தங்கக் கல் திருடிப் புதைத்தவர்களைத் தேடி, மைன்ஸ் காவலர் சந்துக்குள் வந்தார். நான்தான் பயந்துபோய், "பொதைச்சிடுண்ணா" என்றேன். கொல்லையில் புதைத்தான்.

புதுசாகக் கிளறிய மண்ணைக் காவலர் பார்த்துவிட்டார்.

"தோண்டுய்யா. உள்ள இன்னா வெச்சிருக்க? வேலை வேணாமா?"

அப்பா டப்பா தெரியும் வரை தோண்டினார்.

"ராக்கெட்டுங்க" என்றான் அண்ணன்.

"அப்டியா? வுடு, பாக்கலாம்."

அது கூரையைத் தாண்டிப் போனது. காவலர் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அப்பா படலைச் சாத்திவிட்டு, அதே குழியை இன்னும் ஒரு முழம் தோண்டி, தான் புதைத்த முடிச்சு அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தார்.