நூற்றாண்டுத் தபால்தலையில் ஒரு கைகுலுக்கல்

தாளை முதலில் பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடிக்கிறார். பசை ஒரே சீராக இருந்தால்தான் முன்பக்கம். பிறகு கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி கீழிருந்து மேலாக, வலமிருந்து இடமாக நகர்கிறது. "மேலேருந்து பாத்தா கண்ணு படிக்க ஆரம்பிச்சிடும். படிச்சா தப்பு தெரியாது" என்பார். தபால்தலை அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகத் தாள் சரிபார்க்கும் இவரை எல்லோரும் பூதக்கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு எதிரே வரவே பயப்படுகிறார். "ஒரு சுருக்கம் இருந்தாலும் கழட்டச் சொல்லிடுவா" என்று புலம்புகிறார் அந்த மனுஷர்.

சாரணர் இயக்கத்தின் நூற்றாண்டுத் தபால்தலை போன வாரம் மேசைக்கு வந்தது. வெளியீட்டு விழாவுக்கு ஆறே நாள். படத்தில் ஒரு சாரணனும் ஒரு சாரணியும் கைகுலுக்குகிறார்கள். நிறம் சரி, ஓரத்துத் துளைகள் சரி. ஆனால் அக்காவுக்குத் திக்கென்றது. பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டித் திரிந்தவர் அவர். சாரணர்கள் குலுக்குவது இடது கையை. தாளில் இருவரும் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

விசாரித்ததில் குட்டு வெளிப்பட்டது. ஓவியர் சரியாகத்தான் வரைந்திருந்தார். படப் பிரிவுக்காரர்தான் நல்ல மனதோடு படத்தை இடம் வலமாகப் புரட்டிவிட்டார். "இடது கைய நீட்டறது மரியாதையா, சொல்லுங்க?" என்று எல்லோரிடமும் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலாளர் ஓடி வந்தார். "அக்கா, கட்டை விரல் அளவு படம். யாரு பாக்கப் போறா?"

"ஆசையா வாங்கப் போறதே சாரணருங்கதானே சார்? நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது. அவங்களையே கேலி பண்ணின மாதிரி ஆயிடாதா?"

"விழா தள்ளிப்போனா என் தலைதான் உருளும்."

"இன்னிக்கே மிஷினை ஓட்டினா ஆறு நாள்ல முடியும். வீட்டுக்குப் போகாம நான் பாத்துத் தரேன்."

மேலாளர் மசியவில்லை. போனவர் ஒரு மெமோவோடு திரும்பி வந்தார். தாமதத்துக்காக அக்கா ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவர். மூன்றாவது வந்தால் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். இந்த மேசையை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

"சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுங்கக்கா. இத இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

அக்கா மெமோவை வாங்கிக் கடைசி வரிவரை பார்த்தார். "நேத்துத் தேதி போட்டிருக்கீங்க சார்" என்று திருத்தினார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு அவரிடமே நீட்டினார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தார். சிவப்புக் கோடு விழுந்த தாளை அந்தக் கட்டடத்தில் யாராலும் வெளியே அனுப்ப முடியாது. முதல் தாளில் மூலைக்கு மூலை கோடு இழுத்துவிட்டு, இரண்டாவதை உருவினார்.